வெள்ளை வரும்வரை

பதினோராம் வகுப்புக்கு நிகழ்தகவு எடுக்கும் வாரம் வந்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். பாடம் கடினம் என்பதல்ல. பத்தொன்பது வருடமாக எடுக்கிறேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு பையில் ஒரே அளவான இரண்டு பந்துகள். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. எழுமாறாக ஒன்று எடுக்கப்படுகிறது. அது வெள்ளையாக இருப்பதற்கான நிகழ்தகவு யாது? பிள்ளைகள் ஒரே குரலில் "இரண்டில் ஒன்று, டீச்சர்" என்பார்கள். அத்தோடு விட்டால் பரவாயில்லை. பாடப்புத்தகம் விடாது. எடுத்த பந்தைத் திரும்பவும் பையில் போட்டு, இன்னொரு முறை எடுக்கச் சொல்லும். அந்த இடத்தில் கரும்பலகையில் என் கையிலுள்ள வெண்கட்டி கொஞ்சம் நின்றுதான் ஓடும்.

என் பெயர் நிரஞ்சலா. கண்டியில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். அம்பிட்டியவில், மூச்சு வாங்க ஏற வேண்டிய மேட்டு வீடொன்றில் அம்மாவோடு இருக்கிறேன். அம்மா சரோஜினிதேவி தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து நாற்பது வருடமாகியும் பேச்சில் ஒரு எழுத்தைக்கூட இந்த ஊருக்கு விட்டுக்கொடுக்காதவர். என் கணவர் தினேஸ் இறந்து நான்கு வருடமாகிறது. ஆஸ்பத்திரி மருந்துச் சாளரத்தில் அவருக்கு வேலை. கொரோனா உச்சத்தில் இருந்த ஆவணி மாதம் காய்ச்சல் என்று படுத்தவர், ஒன்பதாம் நாள் இல்லை. பெட்டியைத் திறக்க விடவில்லை. சுடலைக்கு வெளியே, கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று புகையைத்தான் பார்த்தேன்.

அவரை நான் கண்டதும் அந்தச் சாளரத்தில்தான். அம்மாவின் முழங்கால் வருத்தத்துக்கு மாதா மாதம் மருந்து எடுக்கப் போவேன். ஒருநாள் மருந்து உறையோடு சேர்த்து ஒரு கொப்பித் தாளையும் நீட்டினார். "தங்கச்சியோட கணக்கு. எனக்கு வரல. நீங்க டீச்சர்னு சொன்னாங்க" என்றார். பின்னால் நின்ற வரிசை முணுமுணுக்க, நான் அங்கேயே பேனையை எடுத்துச் செய்து கொடுத்தேன். அடுத்த மாதமும் ஒரு கணக்கு இருந்தது. அதற்கடுத்த மாதம் இருந்த கணக்கு தங்கச்சியின் வகுப்புக்கு உரியதே அல்ல, வேண்டுமென்று எங்கேயோ தேடிப் பிடித்தது. எனக்கு விளங்கிவிட்டது.

தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பையன் என்றதும் அம்மா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் ஒரு வழி சொன்னார். பிள்ளையாரிடம் பூக்கட்டிப் பார்ப்பது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்பு. சாமியின் காலடியில் வைத்துக் கும்பிட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட வேண்டும். இரு வீட்டிலும் இருந்த வழக்கந்தான், அதனால் அவர்களும் தங்கள் மாரியம்மனிடம் கேட்பதாகச் சொன்னார்கள்.

அம்மாவால் கோயில் படி ஏற முடியாது. கீழே முச்சக்கர வண்டியிலேயே இருந்துகொண்டு என்னை மேலே அனுப்பினார். ஐயர் பொட்டலங்களைப் பிள்ளையாரின் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் கண்ணை மூடி எடுத்தேன். பிரித்தேன். சிவப்பு.

இதை இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. நான் சுற்றிப் பார்த்தேன். யாருமில்லை. நூலைத் திரும்பச் சுற்றி, இரண்டு பொட்டலத்தையும் முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றிப் பிடித்து, மறுபடி வைத்து எடுத்தேன். சிவப்பு. மூன்றாம் முறை பிள்ளையாரின் முகத்தையே பார்க்காமல் எடுத்தேன். வெள்ளை. அதைக் கையில் பொத்திக்கொண்டு படியால் ஓடி இறங்கி அம்மாவிடம் காட்டினேன். அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பிள்ளையாரே சொன்ன பிறகு நான் என்னத்தைச் சொல்லுறது" என்றார்.

பதினொரு வருடம் வாழ்ந்தோம். பிள்ளைகள் இல்லை. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்களுக்குள் ஒரு சண்டை மட்டும் ஓயாமல் நடந்தது. "உங்களவிட நான்தான் கூட ஆசப்பட்டேன் டீச்சர்" என்பார். கலியாணமாகியும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நான் விடமாட்டேன். "விடை மட்டும் காணாது. படிமுறை எங்கை?" என்பேன். "இருக்கு, ஒரு நாளைக்குக் காட்டுறேன்" என்று சிரிப்பார். நானும் மனதுக்குள் சிரித்துக்கொள்வேன். இந்தாளுக்காகக் கடவுளையே ஏமாற்றியவள் நான், இவர் யாரிடம் கதை விடுகிறார் என்று.

அவர் போன பிறகு அந்தச் சிரிப்பு நெஞ்சில் கல்லாகிவிட்டது. செத்த வீட்டில் அம்மா அழுதழுது ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார். "வெள்ளை தந்த பிள்ளையார் அவரை ஏன் எடுத்தவர், பிள்ளை?" தந்தது வெள்ளையல்ல, நான் பிடுங்கினது என்று எப்படிச் சொல்வது? இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் கட்டிக்கொண்டேன், அதனால்தான் அவர் போனார் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. பூவுக்கு முன்யோசனை கிடையாது, ஒவ்வொரு முறையும் அது இரண்டில் ஒன்றுதான் என்று நானே கரும்பலகையில் எழுதுகிறேன். எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து பயப்படுகிறேன். நம்பாததற்கும் பயப்படலாம் என்பது அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த வருடம் அதே பாடம் நடந்துகொண்டிருந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, யசோதினி வீட்டுக்கு வந்தாள். அந்தக் கொப்பித் தாளின் சொந்தக்காரி, தினேஸின் ஒரே தங்கை. இப்போது இருபத்தேழு வயது. கண்டியில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்கிறாள். அம்மா தூங்கும்வரை காத்திருந்து குசினிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணி, நிரோஷன் வீட்டுல எல்லாருக்கும் சம்மதம். எங்க அம்மாவுக்கும் அவர புடிச்சிருக்கு. ஆனா மாரியம்மா வெள்ள குடுக்காம தாலி கெடையாதுன்னு நிக்குது."

நிரோஷன் யாரென்று எனக்குத் தெரியும். கைத்தொலைபேசி திருத்தும் பையன். நான்கு வருடமாக அவள் வாயில் வேறு பெயர் வந்ததில்லை.

"வாற போயா அன்னைக்குப் பூக் கட்டணும். நீங்கதான் கட்டணும்னு அம்மா சொல்லிருச்சு."

"நானோ? நான் எப்பிடி?"

"வீட்டுக்கு மூத்தவங்க நீங்கதானாம்." குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டுலயும் வெள்ளையே வச்சுருங்க அண்ணி. யாருக்குத் தெரியப் போவுது."

ஊற்றிய தேத்தண்ணியை அவளிடம் நீட்டினேன். "ஏலாது" என்றேன்.

"நீங்க கணக்கு டீச்சர். இதெல்லாம் நம்புறீங்களா?"

"நம்பேல்லை."

"அப்புறம் என்ன?"

உன் அண்ணனைப் போல அவனும் போய்விட்டால் என்ன செய்வாய் என்று ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியுமா? "ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. ஒழுங்காக் கட்டுவன்" என்று மட்டும் சொன்னேன். அவள் தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டாள்.

போயா அன்று, பௌர்ணமி விடுமுறைக் காலையில், குட்செட் பஸ் நிலையத்துக்குப் போய்த் தெல்தோட்டை பஸ்ஸில் ஏறினேன். முன்பெல்லாம் அவர்தான் முன்னால் ஓடி ஏறி, சன்னலோர ஆசனத்தில் கைலேஞ்சியைப் போட்டு எனக்கு இடம் பிடிப்பார். நான் ஆறுதலாக ஏறிப் போய் மகாராணியாட்டம் உட்காருவேன். அந்த நினைப்பில் இன்றைக்கும் ஆறுதலாக ஏறி, பாதித் தூரம் நின்றுகொண்டே போனேன்.

மாமியார் ராக்கம்மா கோயில் வாசலிலேயே நின்றார். முப்பத்தைந்து வருடம் கொழுந்து எடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். குரல் மட்டும் இன்னும் அடுத்த மலைக்குக் கேட்கும். பூத்தட்டை என் கையில் தர வந்தபோது நான் பின்வாங்கினேன்.

"மாமி, நல்ல காரியம். என்ரை கை வேண்டாம்."

"ஏன், கை என்ன பண்ணுச்சு? மாசாமாசம் எனக்கு மருந்து வாங்கியாறது இந்தக் கைதானே. கட்டுங்க டீச்சரம்மா."

கட்டினேன். தட்டில் கிடந்த செம்பருத்தியையும் மல்லிகையையும் ஒதுக்கிவிட்டு, கோயில் பின்புறத்தில் ஒரே அளவில் ஒரு வெள்ளை அலரியும் ஒரு சிவப்பு அலரியும் பறித்துக்கொண்டேன். கைக்கு வித்தியாசம் தெரிந்தால் அது எழுமாறாக எடுப்பதாகாது. கொப்பித் தாளை அடிமட்டம் வைத்து அளந்து கிழித்தேன். ராக்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தேன். ஒரே மடிப்பு, ஒரே நீள நூல், ஒரே முடிச்சு. நூலைக் கட்டும்போது, வெள்ளை வர வேண்டும் என்று எனக்குள் ஒருத்தி மன்றாடிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி, ஏமாற்றிவிடாதே என்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூசாரி பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்துச் சூடம் காட்டினார். பிறகு வாசல் தீபத்துக்கு எண்ணெய் விட வெளியே போனார். யசோதினி கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். விரல்கள் இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் தடுமாறி, இடப் பக்கத்தை எடுத்தன. பிரிக்க அவளுக்குத் தைரியமில்லை. என்னிடம் தந்தாள்.

பிரித்தேன். சிவப்பு.

யசோதினி கண்ணைத் திறந்து பூவைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

ராக்கம்மா, சோற்றுக்கு இன்னும் கொஞ்சம் உப்புப் போடச் சொல்வது போல, "மடிச்சுத் திருப்பி வைங்க. இன்னொருக்கா எடுக்கட்டும்" என்றார்.

"இல்லை மாமி." என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது. "ஒருக்காக் கேட்டால் கேட்டதுதான். திருப்பி எடுக்கக் கூடாது."

"ஏன் கூடாது?"

"நான் எடுத்தனான் மாமி." பதினைந்து வருடமாக அடக்கி வைத்தது தானாகவே வெளியே வந்தது. "கண்டியிலை, பிள்ளையாரிட்டை. முதல் சிவப்பு வந்தது. திருப்பி வைச்சன். ரெண்டாந்தரமும் சிவப்பு. மூண்டாந்தரந்தான் வெள்ளை. அம்மாவுக்கு அதைத்தான் காட்டினனான். உங்கடை பிள்ளையைக் கட்டக் கூடாது எண்டு ரெண்டு தரம் சொல்லியும் கேக்காமல் கட்டினனான். அதாலைதான் அவர் போனவர்."

இதற்குப் பிறகு இவர்கள் வீட்டுப் படியை நான் மிதிக்க முடியாது என்று நினைத்தேன். மகனைப் பறிகொடுத்த தாயிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? ராக்கம்மா மகளிடம் திரும்பினார்.

"சொல்லுடி."

யசோதினி கண்ணைத் துடைத்தாள். "அண்ணன் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரும்மா."

"அவனே போயிட்டான், இன்னும் என்ன சத்தியம். சொல்லு."

"அண்ணி, அண்ணனுக்கு நான்தான் பூ எடுத்தேன். இதே எடத்துல. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. மொதல்ல சிவப்பு வந்துச்சு. அண்ணன் பேசாம மடிச்சு வச்சாரு. மறுபடியும் சிவப்பு. அதுக்கடுத்தும் சிவப்பு. நாலு தடவ அண்ணி. எனக்கு அழுகையே வந்துருச்சு, நான்தான் தப்பா எடுக்குறேன்னு. 'நீ ஒண்ணும் தப்பு பண்ணல குட்டி, இன்னும் முடியல, எடு'ன்னாரு. அஞ்சாவது தடவதான் வெள்ள வந்துச்சு."

"அஞ்சோ?" என்றேன்.

"நான் போதும்டான்னேன்" என்றார் ராக்கம்மா. "ஆத்தா வேணாங்குறா, விட்டுருன்னேன். கேட்டானா? 'அவளுக்கு நெசமாவே வேணாம்னா கடைசி வரைக்கும் சிவப்பே குடுக்கட்டும். நான் பொழுது சாயுற வரைக்கும் இங்கதான் இருப்பேன்'னு சப்பாணி போட்டு உக்காந்துட்டான். வெள்ளயக் கையில வாங்கிட்டு என்னா சொன்னான் தெரியுமா? டீச்சர்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க, ஒக்காந்து கணக்குப் பார்ப்பாங்கன்னான்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அம்மன் சந்நிதியில், சீமெந்துத் தரையில், நாற்பத்து மூன்று வயதுக் கணித ஆசிரியை, வாய்விட்டு அழுதேன். ராக்கம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். "எம்புள்ளய நோய்தான் கொண்டு போச்சு" என்றார். "பூ கொண்டு போகல. ஆசுபத்திரியில அவனோட நின்ன இன்னும் ரெண்டு புள்ளைங்களும்தான் போச்சு. அவங்க வீட்டுல எல்லாம் என்ன பூ வந்துச்சோ."

அழுதபடியே, வேண்டாமென்றாலும் என் தலை கணக்குப் பார்த்தது. தினேஸ் சொன்னது சரிதான். எனக்குச் சிவப்பு, சிவப்பு, வெள்ளை. எட்டில் ஒன்று. அவருக்கு நான்கு சிவப்புக்குப் பிறகு ஒரு வெள்ளை. முப்பத்திரண்டில் ஒன்று. ஆறு சிவப்பைத் திருப்பி வைத்துவிட்டு ஒரே வீட்டில் பதினொரு வருடம் இருந்திருக்கிறோம். எனக்குத் தெரியாமல் அவரும் அவருக்குத் தெரியாமல் நானும். ஒரு மழை நாளில், தேத்தண்ணி குடிக்கும்போது, யாராவது ஒருவர் வாய் தவறிச் சொல்லியிருந்தால் என்ன? எவ்வளவு சிரித்திருப்போம். அந்தச் சிரிப்பை இனி எங்கே போய் எடுப்பேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நான்கு வருடம் தூக்கிய கல் இறங்கியது உண்மை. அது இருந்த இடத்தில் இப்போது அவர் இல்லாதது மட்டும் இருந்தது. கல்லைவிட அதுதான் பாரமாக இருந்தது.

கடைசியில் நானே முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினேன். சிவப்பு அலரியைத் தாளில் வைத்து, அதே மடிப்பில் மடித்து, நூலைச் சுற்றினேன். இரண்டு பொட்டலத்தையும் முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றிப் பிடித்தேன். அந்த வேலை எனக்கு மறக்கவில்லை. அம்மன் காலடியில் வைத்தேன்.

"எடு யசோ" என்றேன். "இன்னும் முடியேல்லை."

அவள் எடுத்தாள். இந்த முறை அவளே பிரித்தாள். வெள்ளை. தாயும் மகளும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். எண்ணெய்ச் சட்டியோடு திரும்பி வந்த பூசாரியிடம் ராக்கம்மா வெள்ளைப் பூவை நீட்டி, "ஆத்தா குடுத்துட்டா" என்று அடுத்த மலைக்குக் கேட்கும்படி சொன்னார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து பஸ்ஸுக்கு வந்தேன். அந்த நேரத்துப் பஸ்ஸில் கூட்டமில்லை. சன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து ஆசனத்தில் என் கைலேஞ்சியைப் போட்டேன். கேட்டால் ஆள் வருகிறது என்று சொல்லலாம் என்றிருந்தேன், ஒருவரும் கேட்கவில்லை. நாளைக்குப் பாடம் மர வரிப்படம், பந்தை எடுக்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கிளை பிரியும். பலகையில் ஐந்து கிளை வரைக்கும் கீற வேண்டும், பிள்ளைகள் இவ்வளவு எதற்கு டீச்சர் என்று முணுமுணுப்பார்கள்.

பஸ் தேயிலைக்குள்ளால் வளைந்து இறங்கியது. நான் பக்கத்து ஆசனத்தைப் பார்த்து, நடத்துனருக்குக் கேட்காத குரலில் சொன்னேன்.

"நான் மூண்டு. நீங்கள் அஞ்சு. படிமுறை சரி. நீங்கள்தான் கூட."

இந்தச் சண்டையில் அவர் வென்றது இதுதான் முதல் தடவை. வென்றவர் அதைக் கேட்க இல்லை.